நெடுந்தீவில் ஒரு பழைய கணக்கு

யாழ்ப்பாண நகரிலிருந்து நெடுந்தீவுக்குச் செல்பவர் முதலில் பஸ் வண்டியில் ஏறிப் பண்ணைப் பாலத்தைக் கடக்க வேண்டும். மண்டைதீவுச் சந்தியையும் அல்லைப்பிட்டியையும் வேலணையையும் தாண்டி, இருபுறமும் கடல்நீர் பளபளக்கும் மற்றுமொரு நீண்ட தாம்போதியின் வழியாகப் புங்குடுதீவை அடைந்தால், அதன் கடைக்கோடியிலே குறிகட்டுவான் இறங்குதுறை இருக்கின்றது. அதற்கப்பால் வண்டிக்கு வழியில்லை. படகிலே ஏறக்குறைய ஒரு மணிநேரப் பிரயாணம். சோளகக் காற்று வீசும் மாதங்களிலே அந்த ஒரு மணிநேரம் ஒரு யுகமாகத் தோன்றும்.

நான் அண்மையில் இந்த வழியாகச் சென்றேன். பழைய மாணவர் ஒருவர் தம் மகளின் திருமணத்துக்கு வரவேண்டுமென்று வற்புறுத்தி அழைத்திருந்தார். 1979ஆம் ஆண்டு முதல் 1981ஆம் ஆண்டு வரை அத்தீவிலே ஆசிரியராக இருந்தவன் நான். அதன் பின்னர் ஒரு முறையேனும் அம்மண்ணை மிதித்தேனல்லேன். போர்க்காலத்தில் யார்தான் போவார் என்று கேட்கலாம். அது உண்மையே. நான் வாரந்தோறும் ஏறியிறங்கிய குமுதினிப் படகிலே, 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், பிரயாணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்ட செய்தியைக் கேட்டு நாட்கணக்காக உறக்கமின்றி இருந்தேன். ஆனால், 2009ஆம் ஆண்டில் போர் முடிந்தது. அதற்குப் பின்னரும் நான் போகாமலிருந்ததற்குப் போரைக் காரணங் காட்டினால் அது பொய்யாகும். உண்மைக் காரணம் 43 ரூபாய்.

வாசகர்கள் நகைக்கலாம். நகைப்பதற்கு முன்னர் அத்தீவின் அமைப்பைச் சிறிது விவரிக்க அனுமதிக்க வேண்டுகின்றேன்.

ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரைச் சூட்டி ‘டெல்ப்ட்’ என்று அழைத்த இத்தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. அவர்கள் காலத்துக் குதிரை வளர்ப்பின் எச்சமாக இன்றும் கட்டைக் குதிரைகள் வெளிகளிலே கூட்டங் கூட்டமாக மேய்கின்றன. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்கமரமொன்று, உள்ளே மனிதர் நுழையத்தக்க பொந்துடன் நிற்கின்றது. இவற்றையெல்லாம் விட, புதிதாக வருபவரின் கண்ணை முதலிற் கவர்வன வேலிகளே. யாழ்ப்பாணத்திலே பனையோலையாலும் கிடுகாலும் வேலி அடைப்போம். நெடுந்தீவிலோ பவளப் பாறைக் கற்களைச் சாந்தின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மதில் எழுப்பியிருக்கின்றனர். அம்மதில்கள் இடுப்பளவோ மார்பளவோ உயரமுடையவை. ஆகையால் ஒழுங்கையிலே யார் போகின்றார், எந்தத் திருப்பத்திலே எப்பக்கம் திரும்புகின்றார் என்பது யாவருக்கும் தெரியும். ஒளிந்து செல்ல இடமில்லாத ஊர் அது.

மாவிலித்துறையிலிருந்து பாடசாலைக்குச் செல்லும் வீதியிலே அந்நாளில் துவிச்சக்கர வண்டி திருத்தும் கடையொன்று இருந்தது. அதன் சொந்தக்காரர் என்னிலும் சில வயது மூத்தவர். அவரை ‘அண்ணை’ என்றே அழைப்பேன். தீவின் வீதிகள் அக்காலத்திலே கல்லும் மணலுமாக இருந்தபடியால் என் வண்டி மாதம் இருமுறையேனும் அவர் கைக்குப் போகும். காற்றுப் போன ரியூப்பை நீர்ப் பாத்திரத்திலே அமிழ்த்தி, குமிழி எழும் இடத்தைக் கண்டு, அரத்தால் உராய்ந்து, ஒட்டுப் போட்டுத் தருவார். சம்பள நாளிலே நான் கணக்குத் தீர்ப்பேன்.

1981ஆம் ஆண்டிலே என் தங்கையின் திருமணம் வந்தது. கையிலிருந்த பணமெல்லாம் அதிற் கரைந்தது. அந்த மாதத்திலேயே வண்டியின் பின்புற ரயர் கிழிந்துபோயிற்று. புதிய ரயர், ரியூப், செய்கூலி ஆகியன சேர்ந்து 43 ரூபாய். அண்ணை கொப்பியிலே எழுதிக்கொண்டார். முதலாம் மாதம் கொடுக்க இயலவில்லை. இரண்டாம் மாதமும் இயலவில்லை. அவர் கேட்கவுமில்லை. மூன்றாம் மாதத்திலே பணம் இருந்தது. ஆயினும் இவ்வளவு நாள் கொடாமல் இருந்துவிட்டு எந்த முகத்தோடு போவது என்ற கூச்சம் வந்துவிட்டது. கடையைத் தாண்டிச் செல்வதைத் தவிர்த்து, பின்புறத்து ஒழுங்கையால் அரை மைல் சுற்றிப் பாடசாலைக்குப் போகத் தொடங்கினேன். அந்த மார்பளவு மதிலுக்கு மேலாக என் தலை நகர்ந்து செல்வதை அவர் நாள்தோறும் கண்டிருப்பார். என் மாணவரும் கண்டிருப்பார்கள்.

இடமாற்றக் கடிதம் வந்ததும், கடை திறக்குமுன்னரே விடியற்காலைப் படகில் ஏறிவிட்டேன். யாழ்ப்பாணம் சென்றதும் காசுக்கட்டளை அனுப்புவேன் என்று எண்ணிக்கொண்டேன். அனுப்பவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின் சட்டத்தரணியான நண்பரொருவருடன் உரையாடுகையில் இவ்விஷயத்தை வேறொருவர் கதைபோலக் கூறினேன். அவர் உடனே, 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தை எடுத்துரைத்தார். விற்ற பண்டத்தின் விலை, கடைக் கணக்கு, செய்த வேலைக்குரிய கூலி ஆகியவற்றுக்கு, பணம் கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். எழுத்திலே செய்த உடன்படிக்கையாயின் ஆறு ஆண்டுகள் வரை தவணை உண்டு. கடைக்காரனுக்கோ ஓராண்டுதான் என்றார். “உங்கள் நண்பரின் கடன் 1982ஆம் ஆண்டிலேயே காலங்கடந்துவிட்டது, கவலை வேண்டாமென்று சொல்லுங்கள்” என்று சிரித்தார். அன்று மாலை எனக்குச் சிறிது ஆறுதலாகவே இருந்தது. மறுநாட் காலையில் அந்த ஆறுதலைக் காணவில்லை. சட்டம் மூடியது வழக்கின் வாயிலைத்தான். நான் சுற்றிச் சென்ற ஒழுங்கையை அது மூடவில்லை.

இம்முறை திருமண வீட்டுக்குப் போகுமுன்னர் அக்கடைக்கே முதலிற் சென்றேன். கடை இருந்தது. முன்புறம் புதிதாகக் கட்டப்பட்டிருந்தது. மோட்டார்ச் சைக்கிள் ஒன்றைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தவர் அண்ணையின் மகன். அண்ணை உள்ளே சாய்வு நாற்காலியில் இருந்தார். என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

“பின் ரயர் மாற்றின மாஸ்டரல்லவா?” என்றார்.

கொப்பியைக் கறையான் தின்று எத்தனையோ வருடங்களாகிவிட்டன என்றும், கணக்கு மாத்திரம் நினைவிலிருக்கின்றது என்றும் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையமர்த்தினார்.

“மாஸ்டர், பிழை என்னிலும் உண்டு. நான் கேட்டிருக்க வேண்டும். படிப்பிக்கிற வாத்தியாரிடம் 43 ரூபாய்க்கு வாய் திறப்பது மரியாதையில்லை என்று இருந்துவிட்டேன். நீங்கள் பின் ஒழுங்கையால் போகத் தொடங்கியபோதுதான் விளங்கியது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீங்கள் அன்றைக்கே தந்திருப்பீர்கள். என் காசும் வந்திருக்கும், நீங்களும் இந்த வழியால் போயிருப்பீர்கள்.”

இவ்வளவு காலமும் அவருடைய மௌனத்தைப் பெருந்தன்மை என்றே எண்ணியிருந்தேன். அது எங்கள் இருவரையும் பிரித்த மதில் என்பதை அவரே கூறக் கேட்டேன்.

மகன் வேலையை நிறுத்திவிட்டு உரையாடலிற் கலந்துகொண்டார். சிறு கடனைத் தொடர்ந்து கேட்கத்தான் வேண்டுமா, அற்பத் தொகைதானே என்று விட்டுவிடலாகாதா என்று அவரிடம் வினவினேன்.

“ஐயா, உங்களுக்கு அது அற்பம். 900 ரூபாய்க்கு வாங்கிய சாமானை 1000 ரூபாய்க்கு விற்கிறேன். அந்த 1000 வராமற் போனால் 900 ரூபாய் முதல் போகிறது. அதை மீட்க இன்னும் ஒன்பது பேருக்கு அதே சாமானை விற்க வேண்டும். அந்த ஒன்பது பேருக்கும் செய்கிற வியாபாரத்தில் எனக்குச் சதமும் மிஞ்சாது. இங்கே வருகிற ஒவ்வொரு சாமானுக்கும் படகுக் கூலி வேறு. யாழ்ப்பாணத்து மொத்த வியாபாரி எனக்கு வாத்தியார் மரியாதை காட்டமாட்டார்” என்றார்.

அவர் அனுபவத்திலே மறக்கமுடியாத ஆண்டு 2022. எரிபொருளின்றி நாடெங்கும் மக்கள் துவிச்சக்கர வண்டிகளைத் தேடிய காலம் அது. வேலை குவிந்தது. உதிரிப்பாகங்களின் விலையோ வாரத்துக்கு வாரம் ஏறிற்று. அவ்வருடம் செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாக இருந்தது. அதாவது, முந்திய ஆண்டிலே 100 ரூபாய்க்கு வாங்கியவற்றுக்கு ஏறக்குறைய 170 ரூபாய் தேவைப்பட்டது. “கடனெல்லாம் திரும்பி வந்தது ஐயா. ஆனால், ரயர் கொடுத்த கடனுக்கு வந்த காசில் ரியூப்தான் வாங்க முடிந்தது” என்றார். பிந்திக் கொடுக்கும் கடனிலே ஒரு பகுதி எவர் கண்ணுக்கும் தெரியாமல் தேய்ந்துபோகின்றது. தேய்ந்த பகுதியைச் சுமப்பவர் கடைக்காரரே.

ஆகவே அவர் கேட்கின்றார். ஆனால், கேட்பதற்கும் ஒரு முறை வைத்திருக்கின்றார். கடனை வாடிக்கையாளரின் கண்முன்னே எழுதித் தொகையை வாய்விட்டுச் சொல்கின்றார். அவருடைய தொழிலை அறிந்து தவணை வைக்கின்றார். உத்தியோகத்தருக்குச் சம்பள நாள். கடற்றொழிலாளிக்குக் காற்று அடங்கிக் கடல் இடங்கொடுக்கும் காலம். தவணை தவறினால் மறுவாரமே, வேறெவரும் அருகில் இல்லாதபோது, ஒரு முறை நினைவூட்டுகின்றார். பிள்ளையிடம் சொல்லியனுப்புவதில்லை. கோயில் வாசலிலும் கலியாண வீட்டிலும் கேட்பதில்லை. இயலாதவர் சிறுகச் சிறுகக் கொடுக்கலாம்.

மறுப்பவரை என்ன செய்வீர் என்றேன். 1988ஆம் ஆண்டின் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபை இருக்கின்றதென்றும், சிறு தொகைப் பிணக்குகள் நீதிமன்றத்துக்குப் போகுமுன் அங்கேதான் போக வேண்டுமென்றும் சொன்னார். தாம் இதுவரை எவரையும் அங்கே அழைக்கவில்லை என்று சற்றுப் பெருமையோடு கூறினார்.

“கொடுக்கவே வழியில்லாத வீடுகளும் உண்டல்லவா?” என்றேன்.

“உண்டு. கடலுக்குப் போனவர் திரும்பாத வீடு இருக்கிறது. நோயாளி கிடக்கிற வீடு இருக்கிறது. அந்தக் கணக்கை வெட்டிவிடுவேன். வெட்டியதை வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டும் வருவேன். சொல்லாமல் வெட்டினால் எனக்குத்தான் கணக்குத் தீரும். அவர்களுக்குத் தீராது. அவர்கள் பின் ஒழுங்கையால்தான் போவார்கள்” என்றார்.

இந்த வார்த்தைகளைச் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த மரியாதை தந்தையிடமிருந்து வந்ததாக இருக்க வேண்டும்.

நான் பணப்பையை எடுத்தேன். ‘வேண்டாம் மாஸ்டர்’ என்று அண்ணை மறுப்பார், நான் வற்புறுத்துவேன், அவர் மீண்டும் மறுப்பார் என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்திருந்தேன். அவர் மறுக்கவில்லை. மகனை நோக்கி, “பின் ரயரும் ரியூப்பும் இன்றைக்கு என்ன விலை?” என்று கேட்டார். மகன் சொன்னார். “கூலியையும் சேர்” என்றார். நான் நீட்டிய தாள்களை எண்ணி வாங்கி, மிகுதிப் பணத்தை ஒரு சதமும் குறையாமல் என் கையில் வைத்தார்.

அவர் ‘வேண்டாம்’ என்றிருந்தால் நான் கடன்காரனாகவே படகேறியிருப்பேன். எண்ணி வாங்கியதன் மூலம் என்னை விடுவித்தார்.

மாணவர்களும் குடும்பத்தவர்களும் படிக்கும் இப்பகுதியிலே இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்க் கடைக்காரரும் தையற்காரரும் தச்சரும் சிறு கடனைக் கேட்பதற்குக் கூசுகின்றனர். கேட்டால் வாடிக்கை போய்விடும் என்று அஞ்சுகின்றனர். வாடிக்கையைக் கலைப்பது கேள்வியன்று. கேட்காத மௌனமும் அதன்பின் வளரும் கூச்சமுமே. அவர்கள் மெல்லக் கேட்கட்டும். கேட்கப்படும் நாம் அதனை அவமதிப்பாகக் கொள்ளாதிருப்போம். அவர்கள் கேட்குமுன்னரே கொடுத்துவிடுவது அதனினும் நன்று.

திருமணம் முடிந்து மாலைப் படகுக்குத் திரும்பியபோது, துணைக்கு வந்த சிறுவன் பின்புறத்து ஒழுங்கையைக் காட்டி, “இது கிட்டவான வழி” என்றான். அவன் சொன்னது சரியன்று என்பதை என்னைவிட நன்கறிந்தவர் யார்? நேர் வீதியாலேயே போவோம் என்றேன். கடை வாசலிலே அண்ணை கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன்.