பிடித்த கையை விடுதல்

பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பாடம் சொல்லிய பின்னரே நாங்கள் இருவரும் அத்துறையில் முதுநிலைப் படிப்புக்குச் சேர்ந்தோம். ஆறு புள்ளிகளில் தமிழை எழுதவும் படிக்கவும் அறிந்திருந்தோம். இனிக் கற்க என்ன இருக்கிறது என்ற செருக்கும் சிறிது இருந்தது. பதவி உயர்வுக்குப் பட்டம் தேவைப்பட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை.

முதல் வாரத்திலேயே எங்கள் கண்களைக் கட்டி, கையில் வெண்கோலைத் தந்து, கல்லூரி வாயிலிலிருந்து அஞ்சல் நிலையம்வரை நடக்கச் சொன்னார்கள். வலக்கால் முன்வைக்கையில் கோலின் நுனி இடப்பக்கம் தரையைத் தொட வேண்டும், இடக்காலுக்கு வலப்பக்கம். வீச்சு, தோளின் அகலத்தைவிடச் சற்றே மிகுந்திருக்க வேண்டும். கேட்க எளிதுதான். ஐந்து நிமிட வழிக்கு எங்களுக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. சாக்கடை விளிம்பில் கோல் வெறுமையைத் தொட்டபோது உள்ளங்கை வியர்த்துவிட்டது. பயிற்றுநர் பின்னால் வருகிறாரா என்றே தெரியவில்லை. வந்துகொண்டுதான் இருந்தாராம், வாய் திறவாமல்.

இந்தக் கோல்நடை போர்க்களத்தின் பின்விளைவு. இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த அமெரிக்க வீரர்களுக்காக, 1944-இல் வேலி ஃபோர்ஜ் படை மருத்துவமனையில் ரிச்சர்டு ஹூவர் என்பவர் இதனை வகுத்தார். இதைக் கற்பிப்போருக்கென முதுநிலைப் படிப்பு 1960-இல் இயேசு சபையினரின் பாஸ்டன் கல்லூரியில் தொடங்கியது. அப்படிப்பு உருவாக உழைத்தோருள் முதன்மையானவர் அருட்தந்தை தாமஸ் கரோல். பார்வை போவதால் ஒருவர் இழப்பவை இருபது என்று 1961-இல் வெளியான தம் நூலில் அவர் வரிசைப்படுத்தினார். நடமாட்டம் அவற்றுள் ஒன்று. ஆனால் பயிற்றுநருக்குக் கண்பார்வை கட்டாயம் என்றே அந்நாளில் விதித்தார்கள். பார்வையற்றோர் அதை எதிர்த்து நெடுங்காலம் வாதாட வேண்டியிருந்தது. இன்று பார்வையற்ற பயிற்றுநர்களும் இருக்கிறார்கள்.

எங்கள் வகுப்பிலும் பிறவியிலேயே பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் உடன்படித்தார். அந்த இருபது இழப்புகளின் பட்டியல் அவருக்குப் பிடிக்கவில்லை. "இருந்ததை இழந்தவனுக்கு அது சரி. நான் எதை இழந்தேன்?" என்பார். கண்கட்டி நடந்த கதையை நாங்கள் உருக்கமாகச் சொன்னபோது சிரித்துவிட்டார். "அது முதல் நாள் இருட்டு, டீச்சர். நான் முப்பது வருஷமாகத் தனியாகத்தான் போய் வருகிறேன். உங்கள் பள்ளிப் பிள்ளைகள் தனியாக எவ்வளவு தூரம் போவார்கள்?"

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. விடுதியிலிருந்து வகுப்புக்கும், வகுப்பிலிருந்து கோவிலுக்கும் கைப்பிடித்தே அழைத்துச் சென்றோம். அதை அன்பு என்றே எண்ணினோம். அப்படி வளர்ந்த ஒருவன் மேல்நிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்று நகரத்துக் கல்லூரியில் சேர்ந்தான். இரண்டு பேருந்து மாற வேண்டிய இடம். மூன்றாம் மாதம் வீட்டுக்கு வந்துவிட்டான். உடம்பு சரியில்லை என்றான். நாங்கள் அந்தக் கல்லூரியை ஏசினோம்.

படிப்பு முடிந்த கோடை விடுமுறையில் அவன் ஊருக்குப் போனோம். எட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன, திண்ணையில் உட்கார்ந்திருந்தான். கோலைக் கையில் கொடுத்ததும், "இப்ப எதுக்கு டீச்சர்?" என்றான். "உனக்கு எங்கே போகணும், சொல்லு" என்றோம். வெகுநேரம் யோசித்துப் பால் சொசைட்டி என்றான். வண்டி வருமே என்று தாயார் பதறினார். அந்த அம்மாவைச் சமாதானம் செய்வதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

பத்து நாள் உடன்நடந்து பழக்கினோம். பதினோராம் நாள் விடியற்காலையில் அவனை முன்னே விட்டு, பத்தடி பின்னால் நடந்தோம். தெரு முனைவரை சரியாகப் போனான். பிறகு சொசைட்டியைத் தாண்டி இரண்டு வீடு போய்விட்டான். கூப்பிட வாயெடுத்து அடக்கிக்கொண்டோம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம். பின்புறம் பால் கேன்கள் மோதும் ஓசை கேட்டது. அவன் நின்றான், தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டான். பின்னர் கோலைத் திருப்பினான்.