எந்த ஃபார்மர்?

இங்கிலீஷில் ‘ஃபார்மர்’ இரண்டு. ஒருவர் விவசாயி, மற்றவர் ‘முதலில் சொல்லப்பட்டவர்’. எழுத்து வேறானாலும் நம் வாயில் இரண்டும் ஒன்றுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வங்கி ஒன்றில் ராஜபாளையத்து அம்மா ஒருவர் பாஸ்புக்கை என்னிடம் நீட்டினார். ‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ என்றிருந்தது. “எங்களுக்கு மாந்தோப்பு இருக்குல்லா அண்ணாச்சி, அதான் ஃபார்மர்னு போட்டிருக்காக” என்றார். கணவர் ஆஸ்பத்திரியில், அவசரமாகப் பணம் வேண்டும். கவுண்டரில் தர மறுத்துவிட்டார்கள்.

இந்த வகைக் கணக்கில் முதல் பெயர்க்காரர் இருக்கும்வரை அவர் மட்டுமே பணம் எடுக்கலாம். அவர் காலத்துக்குப் பிறகே அடுத்தவருக்கு உரிமை. ‘ஐதர் ஆர் சர்வைவர்’ என்றால் இருவரில் யாரும் எடுக்கலாம். கணவரிடம் செக்கில் கையெழுத்து வாங்கிவரச் சொல்லி அனுப்பினேன்.

இருவரும் கையெழுத்திட்டுக் கொடுத்தால் மாற்றிக்கொள்ளலாம். உங்கள் வீட்டு பாஸ்புக்கை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.