பெரிய விமானமா, சின்ன விமானமா?

200 மணி நேரம் பறந்து கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்கியபோது, ஒரு வேலை கிடைத்தால் போதும் என்றிருந்தேன். வந்தது இரண்டு! ஒன்று, 180 பேர் போகும் ஏர்பஸ் ஏ320. இன்னொன்று, 70 பேர் போகும் ஏடிஆர்; முன்னால் விசிறி சுற்றுமே, அதுதான்.

'பெருசையே பிடிச்சுக்கோ' என்றார்கள் சொந்தக்காரர்கள். ஆனால், ஏர்பஸ்ஸுக்கான டைப் ரேட்டிங் பயிற்சிக் கட்டணத்தை நானே கட்ட வேண்டும். அப்பா ஏற்கெனவே வீட்டை அடமானம் வைத்திருந்தார். ஏடிஆரில் அந்தச் செலவு கம்பெனியுடையது. பதிலுக்கு பாண்ட், குறைந்த சம்பளம்.

கேப்டன் ஆவதற்கான ஏடிபிஎல் லைசென்ஸுக்குக் குறைந்தது 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அது இரண்டிலும் சேரும். ஆனால், கையில் தொழில் படிய ஏடிஆர்தான் என்று தோன்றியது. அதில் ஆட்டோ த்ராட்டில் கிடையாது. வேகத்தை நம் கைதான் கவனிக்க வேண்டும். தூத்துக்குடியின் பழைய ஓடுதளம் சுமார் 1,350 மீட்டர்தான். ஐப்பசி மழைக்காற்றில் அங்கே இறக்கிப் பாருங்கள், தெரியும்!

ஏடிஆரில் கையெழுத்துப் போட்டேன். ஏர்பஸ் போன தோழியின் சம்பளத்தைக் கேட்டால் இப்போதும் வயிறு எரியும். பாண்ட் முடிய இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. வீட்டுப் பத்திரத்தைப் போன மாதம்தான் மீட்டோம்.