எந்த விதி?

2015 டிசம்பர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்த எங்கள் தெருவிலே இடுப்பளவு வெள்ளம். "எல்லாம் விதி" என்றார், படுக்கையிலிருந்த அண்டை வீட்டுப் பெரியவர்.

விதிதான், தோழர்களே! ஆனால் பிரமன் எழுதியதன்று, கோப்பிலே எழுதியது!

மாவட்ட எல்லையை அடுத்த அரக்கோணத்திலே ராஜாளி கடற்படை விமானதளம். மீனம்பாக்கம் மூழ்கியபோது பயணிகள் விமானங்கள் அங்கிருந்துதான் பறந்தன. ஓடுபாதை இருந்தது, வீரர் இருந்தனர். எனினும், குடிமை நிர்வாகம் கேட்டாலன்றிப் படை வருவதில்லை. நீரிலே நடந்து சென்று படகு கேட்டேன். "மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம்" என்றார் அலுவலர். அங்கே காகிதம் ஏறிற்று. இங்கே தண்ணீர் ஏறிற்று. பெரியவரைக் கட்டிலோடு சுமந்து கரைசேர்த்தோர் ஆலைத் தொழிலாளர். அவர்கள் எவர் ஆணைக்கும் காத்திருக்கவில்லை. படகு வந்தது, வெள்ளம் வடிந்த பிறகு!

படை வந்தாலும் கோப்பு ஓய்வதில்லை. வயநாட்டு நிலச்சரிவு வரையிலான மீட்புப் பணிகளுக்காக 2024இல் ஒன்றிய அரசு கேரளத்திடம் கேட்ட கட்டணம் 132.62 கோடி ரூபாய். கட்டணம் காத்திருக்கையில், உதவி கேட்கும் கை தயங்காதா?

மழை எச்சரிக்கை வந்ததுமே படையை அழைத்திடும் அதிகாரம் மாவட்டத்துக்கு வேண்டும். கட்டணம் ஒழிய வேண்டும். மனிதன் எழுதிய விதி இது. மனிதனே மாற்றிடலாம்!