மதுரையை நின்னு பார்த்த நாள்

பருத்தி எடுப்பு முடிஞ்சு இப்பதான் கை ஓய்ஞ்சிருக்கு. அதான் கொஞ்ச நாளா பதிவு போட முடியலை.

மதுரை எங்க ஊர்ல இருந்து பஸ்சுல ஒன்றரை மணி நேரம். நான் போகாத மாசம் கிடையாது. மோட்டாருக்கு காயில் கட்ட, பூச்சி மருந்து வாங்கன்னு போவேன். வேலை முடிஞ்சதும் மாட்டுக்குத் தண்ணி காட்டணும்னு அடுத்த பஸ்சைப் பிடிச்சு ஓடி வந்துருவேன்.

வீட்டம்மாவுக்கு ரெண்டு வருசமா கண்ணுல புரை. "மங்கலா தெரியுதுங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. கிணத்தை ஆழப்படுத்தணும், அது முடியட்டும், அப்புறம் பார்ப்போம்னு நான்தான் தள்ளிப் போட்டேன். ஒரு நாள் சோத்துல கல்லு கடிபட்டுச்சு. மறுநாளும் கடிபட்டுச்சு. அரிசியில கல்லு பொறுக்கக் கண்ணு தெரியலைன்னு அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுச்சு. அதுக்கப்புறம்தான் மதுரைக்குக் கூட்டிப் போய் ஆபரேசன் பண்ணினோம்.

போன வாரம் கடைசி செக்கப். காலையில ஒன்பதரைக்கே முடிஞ்சிருச்சு. நான் வழக்கம்போல பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பினேன். "ஏங்க, இவ்வளவு தூரம் வந்துட்டு மீனாட்சியைப் பார்க்காமப் போறதா?"ன்னு கேட்டுச்சு. மாட்டைப் பார்த்துக்கச் சொல்லி பக்கத்து வீட்டுத் தம்பிக்குப் போன் போட்டுட்டுக் கிளம்பினோம்.

வாழை இலையில நாலு இட்லி, நாலு வகைச் சட்னி. சாப்பிட்டு நடந்தோம். மதுரை வீதியெல்லாம் வெங்காயத்தை உரிச்ச மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருக்கும். வெளி வீதி, மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி, கோயிலுக்குள்ள ஆடி வீதி. தெற்குக் கோபுரத்துக்கு முன்னாடி வந்ததும் அது அப்படியே நின்னுருச்சு. 14 கோபுரத்துல அதுதான் உசரம். "எத்தனை பொம்மைங்க! பச்சை வேற, நீலம் வேற தெரியுது"ன்னு சின்னப்பிள்ளை மாதிரி சொல்லுச்சு. நான் கோபுரத்தைப் பார்க்கலை.

செல்போனை உள்ள விடமாட்டாங்க. அதனால போட்டோ இல்லை, மன்னிக்கணும். முக்குறுணிப் பிள்ளையார்கிட்ட கொஞ்ச நேரம் நின்னேன். மூணு குறுணின்னா 18 படி. விநாயகர் சதுர்த்திக்கு அத்தனை அரிசியில ஒரே கொழுக்கட்டை செஞ்சு படைப்பாங்க. எங்க தாத்தா மரக்காலும் படியும் வச்சு நெல்லு அளந்தது ஞாபகம் வந்துச்சு.

அம்மனைப் பார்த்துட்டு பொற்றாமரைக் குளத்துப் படியில உட்கார்ந்தோம். "முன்னாடியே கூட்டி வந்திருக்கணும்"னு மெதுவா சொன்னேன். அது குளத்தைப் பார்த்துக்கிட்டே, "கிணத்துல தண்ணி வந்துச்சுல்ல, அதுலதானே பருத்தி எடுத்தோம், விடுங்க"ன்னுச்சு. திட்டியிருந்தா கூடத் தேவலைன்னு இருந்துச்சு.

மதியம் பன்னிரண்டரைக்கு நடை சாத்திட்டாங்க. வெயிலுக்கு ஜிகர்தண்டா குடிச்சோம். பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேல ஐஸ்கிரீம். எனக்கு இனிப்பு தூக்கலா இருந்துச்சு, அது என்னோடதையும் வாங்கிக் குடிச்சுருச்சு. பொழுது சாய தள்ளுவண்டியில பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊற வச்சு ஆட்டிப் பால் எடுத்து, அரிசிமாவு, கருப்பட்டி, சுக்கு, தேங்காய்ப்பூ போட்டுக் காய்ச்சுறது. "நம்ம மாட்டுக்கு ஆட்டி வைக்கிறது, இங்க வந்து காசு குடுத்துக் குடிக்கிறோம்"னு சிரிச்சுச்சு. சளிக்கு நல்லதுன்னு கடைக்காரர் இன்னொரு கரண்டி ஊத்தினார். ரெண்டு முழம் மல்லி வாங்கிக்கிட்டு பஸ் ஏறினோம். மாடு ஒண்ணும் செத்துப் போயிடலை.

மறுநாள் காலையில சொளகுல அரிசி புடைச்சுக்கிட்டிருந்துச்சு. "இங்க பாருங்க"ன்னு கூப்பிட்டு உள்ளங்கையைக் காட்டுச்சு. மூணு சின்னக் கல்லு. எனக்குக் கண்ணாடி போட்டாத்தான் தெரிஞ்சுச்சு.

உங்க வீட்டுலயும் யாராவது கண்ணு மங்குதுன்னு சொன்னா, என்னை மாதிரி கிணத்தைக் காரணம் சொல்லாதீங்க. அடுத்த பதிவுல பருத்தி வெலை பத்தி எழுதுறேன்.