கண்டதை எழுதுக

சென்ற திங்களில் ஒருநாள் மாலை, சித்தூரில் வாழும் நண்பர் ஒருவர் தம் மனைவியோடும் மகனோடும் திருப்பதியிலுள்ள நம் இல்லத்துக்கு வந்திருந்தார். திருமலையில் பிள்ளைக்கு முடியிறக்கி, பெருமாளைச் சேவித்துவிட்டு, மலையினின்று நேரே வந்திருந்தனர். மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் இன்னும் உலரவில்லை. அப்பிள்ளை சென்னையில் கப்பற் பொறியியல் பயின்று தேறியவன். இன்னும் பத்து நாளில் முதன்முறையாகக் கப்பலேற இருந்தான்.

"அண்ணா, நீங்கள் முப்பது வருஷம் கடலில் உழைத்தவர். இவனுக்கு நாலு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்" என்றார் நண்பர். "புயலில் அகப்பட்டால் என்ன செய்வார்கள்?" என்று அவர் மனைவியார் கவலையோடு கேட்டார். பிள்ளையோ, "பெரியப்பா, சீஃப் எஞ்சினியர் ஆக எத்தனை வருஷம் பிடிக்கும்?" என்றான்.

மூவருக்கும் விடை கூறினோம். புயல் வரும் வழியை முன்னரே அறிந்து கப்பல்கள் விலகிச் செல்லும் காலம் இது என்று தாய்க்குச் சொன்னோம். முதலில் பயிற்சிக் காலம், பின்னர் நான்காம் வகுப்புத் தேர்வு, அதன்பின் இரண்டாம் வகுப்பு, இறுதியில் முதல் வகுப்பு. தேர்வுகளுக்கு நடுவே கடலிற் கழித்த மாதங்களும் கணக்கில் சேரவேண்டும். ஆகவே ஏழெட்டு ஆண்டும் ஆகலாம், பத்தாண்டுக்கு மேலும் ஆகலாம் என்று பிள்ளைக்குச் சொன்னோம். அவர்களும் மகிழ்ந்து விடைபெற்றுச் சென்றனர்.

ஆனால் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டோம். அதைச் சொல்லப் புகுந்தால் நம் குற்றம் ஒன்றையும் சொல்லவேண்டி வரும். அந்த வெட்கமே நம் வாயை அடைத்தது. நேரிற் சொல்லாததை இங்கே எழுதுகிறோம்.

நாம் கப்பலிற் சேர்ந்தது 1982ஆம் ஆண்டில். அது பழைய சரக்குக் கப்பல். இளநிலைப் பொறியாளருக்கு நள்ளிரவு பன்னிரண்டு மணி முதல் நான்கு மணி வரை காவல். மணிக்கு ஒருமுறை இயந்திர அறை முழுவதும் சுற்றி வந்து, வெப்பம், அழுத்தம், எண்ணெய் அளவு ஆகியவற்றைக் கண்டு லாக் புத்தகத்தில் எழுதவேண்டும். இயந்திரத்திலிருந்து புரொப்பல்லருக்குச் செல்லும் நீண்ட தண்டு, கப்பலின் அடியில் ஒரு சுரங்கத்தினூடே போகும். அத்தண்டைத் தாங்கும் பேரிங்குகளையும் தொட்டுப் பார்த்து வருவது நம் வேலை.

தென்மேற்குப் பருவக்காற்று வீசிய ஓர் இரவு. அரபிக்கடல் கொந்தளித்தது. பகலெல்லாம் பழுது பார்த்த களைப்பும் குமட்டலும் சேர்ந்து நம்மை வாட்டின. இரண்டு மணிச் சுற்றுக்குச் சுரங்கத்தில் இறங்க மனம் வரவில்லை. ஒரு மணிக்கு எழுதிய எண்களையே இரண்டு மணிக் கட்டத்திலும் எழுதிவிட்டு, ஏணிப்படியில் அமர்ந்துகொண்டோம். மூன்று மணிக்கும் அவ்வாறே செய்தோம்.

எண்ணெய் தீயும் நாற்றத்தை முதலில் அறிந்தவர் நம்முடன் காவலில் இருந்த ஆயில்மேன். தூத்துக்குடிப் பக்கத்தவர், நம் தந்தையின் வயதினர், அவரை 'அண்ணாச்சி' என்றே அழைப்போம். அவர் சுரங்கத்துக்குள் ஓடினார். ஒரு பேரிங்கில் எண்ணெய் வற்றிப் புகை எழுந்துகொண்டிருந்தது. கப்பல் ஒருபுறம் சாய்ந்தபோது அவர் கால் வழுக்கி இரும்புத் தகட்டின்மேல் விழுந்தார். வலக்கை மணிக்கட்டு முறிந்தது.

இயந்திரத்தை நிறுத்தினார்கள். ஆறு மணி நேரம் கப்பல் அலையில் தத்தளித்தது. பேரிங்கைச் சீராக்கியபின் செகண்ட் எஞ்சினியர் லாக் புத்தகத்தை விரித்து, மூன்று மணிக் கட்டத்தின்மேல் விரலை வைத்து, "இந்த எண்ணை எங்கே கண்டாய்?" என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. நம்மிடம் விடையில்லை.

அடுத்த துறைமுகத்தில் அண்ணாச்சியைக் கரையிறக்கி ஊருக்கு அனுப்பினார்கள். அவர் இறங்குமுன் அவரிடம் உண்மையைச் சொன்னோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "கை ஒட்டிக்கொள்ளும், தம்பி. இனிமேல் நடந்து போய்ப் பாருங்கள்" என்றார். அவருக்கு மணமாகாத இரண்டு பெண்கள் இருந்ததை நாம் அறிவோம். அக்கை முன்போல் ஆயிற்றா என்பதை மட்டும் இன்றுவரை அறியோம்.

கப்பலேறும் பிள்ளைகளே! இன்று பல கப்பல்களில் இரவில் இயந்திர அறையில் ஆளில்லை. கருவிகளே காவல் காத்து மணியடிக்கின்றன. எனினும் உங்கள் கையொப்பத்தின் பொறுப்பு குறையவில்லை, பெருகியே இருக்கிறது. மூன்று இடங்களில் அதை எளிதில் இடாதீர்கள்.

முதலாவது, ஓய்வு நேரப் பதிவு. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றது. 24 மணி நேரத்தில் 10 மணி நேரமேனும், ஏழு நாளில் 77 மணி நேரமேனும் ஓய்வு வேண்டும் என்பது அதன் விதி. உறங்காத மணிகளை உறங்கியதாக எழுதச் சொல்வோர் உண்டு. அவ்வாறு எழுதினால், களைப்பினால் விபத்து நேரும் நாளில், நீங்கள் நன்கு உறங்கியிருந்தீர் என்று உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

இரண்டாவது, மூடிய தொட்டிகளுள் இறங்கும் அனுமதிச் சீட்டு. நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு பிராணவாயு. மூடிக் கிடக்கும் தொட்டியில் இரும்பு துருவேறும்போதே அவ்வாயு குறைந்துவிடும். கண்ணுக்கும் மூக்குக்கும் அது புலப்படாது. உள்ளே மயங்கி விழுந்தவனைக் காக்க ஓடியவனும் மாண்ட துயரங்கள் பல. கருவியால் அளந்து கண்ணால் கண்ட பின்னரே கையொப்பம் இடுக. தோழன் வீழ்ந்து கிடந்தாலும், அபாய மணியை அடித்து, சுவாசக் கருவி வரும்வரை உள்ளே செல்லாதீர்.

மூன்றாவது, எண்ணெய்ப் பதிவேடு. இயந்திர அறையின் எண்ணெய்க் கழிவு நீரைப் பிரித்து, பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் எண்ணெய் இல்லாத நீரையே கடலில் விடலாம் என்பது சர்வதேச விதி. அதை ஏய்க்க ரகசியக் குழாய் பூட்டுவோர் உண்டு. 2013ஆம் ஆண்டில் 'கரீபியன் பிரின்சஸ்' என்னும் பயணிகள் கப்பலிற் புதிதாகச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் அத்தகைய குழாயைக் கண்டார். சவுத்தாம்டன் துறைமுகத்தை அடைந்ததும் வேலையை விட்டு, பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் தெரிவித்தார். வழக்கு அமெரிக்க நீதிமன்றம் சென்றது. 2016இல் அந்நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 4 கோடி டாலர் தண்டம் செலுத்த இசைந்தது. பொய்க் கணக்கு எழுதிய பொறியாளர்கள் வேறு வழக்குகளில் சிறை சென்றதும் உண்டு.

மேலதிகாரி தவறானதைச் செய்யப் பணித்தால் என் செய்வது? பணிவோடு மறுக்கலாம். கேளாவிடில் கேப்டனிடம் சொல்லலாம். அங்கும் பயனில்லையேல், நிறுவனம் கரையில் நியமித்துள்ள பாதுகாப்புப் பொறுப்பாளரை அணுகலாம். அவருடைய தொலைபேசி எண் கப்பலில் எழுதி ஒட்டப்பட்டிருக்கும். சேர்ந்த முதல் நாளே அதைக் குறித்து வையுங்கள்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளை மறுக்கத் துணிவதும் துணியாததும் பெரும்பாலும் வீட்டைப் பொறுத்தது. ஊரை விட்டு வந்து பிழைக்கும் குடும்பங்களில் பிள்ளையின் முதற் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்குவது வழக்கமாயிருக்கிறது. படிப்புக் கடனுக்கு மேல் வீட்டுக் கடன், தங்கையின் திருமணக் கடன் என்று ஏற்றிவிட்டால், 'இந்த வேலை போனால் என்ன ஆகும்?' என்ற அச்சமே அவனைப் பொய்க் கையெழுத்து இடச் செய்யும். ஓராண்டுச் செலவுக்கேனும் பணம் சேரும்வரை புதுக் கடன் வேண்டா. வேலை வாங்கித் தருவதாகப் பணம் கேட்கும் தரகரை வாயிற்படி ஏற்றாதீர்கள். மாலுமியிடம் வேலைக்காகக் கட்டணம் வாங்குவது விதிக்குப் புறம்பு. கப்பற்போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற்ற நிறுவனமா என்று பார்த்த பின்னரே பிள்ளையை அனுப்புங்கள். ஒப்பந்தத்தின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். அவன் கடலிலிருந்து பேசும்போது, பணம் எப்போது வரும் என்று கேட்குமுன், உறங்கினாயா என்று கேளுங்கள்.

இவ்விதழ் வெளிவரும்போது நண்பரின் மகன் கப்பலேறியிருப்பான். அவன் தாயார் இப்பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்புவாராக. தம்பி, இரவு இரண்டு மணிக்குக் களைத்துப் போய் நீ பேனாவைக் கையில் எடுக்கும்போது, செகண்ட் எஞ்சினியர் நம்மைக் கேட்ட அந்தக் கேள்வியை உன்னையே கேட்டுக்கொள். விடையிருந்தால் எழுது, இல்லையேல், எழுந்து நடந்து போய்ப் பார்த்துவிட்டு வா.