கொங்கிரீட் தரை போட ஆள் பேசும் முன்



ஹந்தானையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடு கட்டுகிறவர்கள், கட்டிய வீட்டோடு ஓர் அறை கூட்டிப் போடுகிறவர்கள் எல்லோருக்கும் இந்தப் பதிவு. "உங்கட புதுத் தரைய உடைச்சீங்களாமே, என்ன நடந்த?" என்று பள்ளிவாசல் முற்றத்திலும் பாடசாலை ஆசிரியர் அறையிலும் பலர் கேட்டுவிட்டார்கள். ஆளுக்கு ஆள் அரைகுறையாகச் சொல்வதை விட, முழுவதையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று வீட்டில் பேசி முடிவெடுத்தோம். நீளமான பதிவுதான், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

உம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்த பிறகு படி ஏறுவது முடியாமல் போய்விட்டது. நமது மலைப்பக்கத்து வீடுகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பாதையிலிருந்து வாசலுக்கு ஒரு படிவரிசை, வாசலிலிருந்து அறைகளுக்கு இன்னொன்று. அதனால் பாதை மட்டத்திலேயே 20 அடிக்கு 12 அடியில் உம்மாவுக்கு ஓர் அறை போட்டோம். மண் வெட்டுவதற்கு முன்பே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை எடுத்தோம். சுவரும் கூரையும் வேறொருவர் செய்தார், குறையில்லை. மிச்சம் இருந்தது தரை மட்டும். சக்கர நாற்காலி ஓட வேண்டிய தரை. அதற்கான சல்லி, இருவரில் ஒருவர் எடுத்த இடர்க் கடன். மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுப்படுகிறது.

கொந்தராத்து எடுத்த பாஸ் நமது ஊரில் பலருக்கு வேலை செய்தவர். பெயரை இங்கே போடப் போவதில்லை. அவருடைய பிள்ளைகளும் நமது பாடசாலைகளில்தான் படிக்கிறார்கள். பெயர் தெரிந்து உங்களுக்கு வரப்போகும் நன்மையை விட, நடந்தது என்ன என்று தெரிவதில்தான் நன்மை அதிகம்.

பேசிய விலை ரூபா 145,000, பொருட்களும் கூலியும் சேர்த்து. பெரிய மிக்சர் லொறி எங்கள் ஒழுங்கைக்குள் வராது. மணலையும் மெட்டலையும் பெரிய பாதையிலிருந்து ஆட்கள் சுமந்துதான் கொண்டுவர வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் விலை. ஒரு தாளில் நான்கு விடயங்களை எழுதி இரு தரப்பும் கையெழுத்து வைத்தோம். சரிவுப் பக்கம் நிரப்பும் மண்ணை அரை அடி அரை அடியாகத் தண்ணீர் தெளித்து இடிக்க வேண்டும். கொங்கிரீட் 4 அங்குலம். கலவை ஒன்றுக்கு இரண்டு, நான்கு. போட்ட பிறகு ஏழு நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். கொங்கிரீட் போடும் நாள் சனிக்கிழமை என்றும் எழுதினோம், நாங்கள் இருவரும் வீட்டில் இருக்கும் நாள் என்பதால்.

அவர் போட்டது புதன்கிழமை. நாங்கள் இருவரும் பாடசாலையில். பின்னேரம் வந்து பார்த்தால் தரை கண்ணாடி மாதிரி மினுங்குகிறது. "வேற இடத்து வேல தள்ளிப் போச்சு சேர், அதான் இன்டைக்கே முடிச்சிட்டம்" என்றார். மேல் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த உம்மா சொன்னது வேறு: "அவனுகள் ஹோஸ் பைப்ப நிப்பாட்டவே இல்ல மகன். கஞ்சி மாதிரி ஊத்தினானுகள்."

சுவரோரம் கிடந்த வெற்றுச் சீமெந்துப் பைகளை எண்ணினோம். 9 பை.

கணக்கைப் பாருங்கள். 20 அடிக்கு 12 அடி என்றால் 240 சதுர அடி. 4 அங்குலக் கனத்துக்கு 80 கன அடி கொங்கிரீட். ஈரக் கலவையாகும்போது அளவு சுருங்குவதால், உலர்ந்த பொருளாக ஏறக்குறைய 123 கன அடி வேண்டும். அதில் ஏழில் ஒரு பங்கு சீமெந்து. 50 கிலோ பைகளாக 14 அல்லது 15 வரும். எட்டாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு இது. 9 பையில் இந்தத் தரை வரவே வராது. ஒன்றில் கனம் குறைந்திருக்க வேண்டும், அல்லது கலவை குறைந்திருக்க வேண்டும். எங்கள் தரையில் இரண்டுமே குறைந்திருந்தன.

மூன்றாம் நாள் வெள்ளைத் தூள் கிளம்பியது. கூட்டக் கூட்ட வந்துகொண்டே இருந்தது. இரண்டாம் கிழமை கதவு மூலையிலிருந்து வெடிப்பு ஓடியது. சரிவுப் பக்கத்து மூலையைச் சுத்தியலால் தட்டினால் வெற்றுப் பெட்டியைத் தட்டும் சத்தம். பேராதனையில் பொறியியல் படிக்கும் பழைய மாணவர் ஒருவர் வந்து பார்த்தார். ஓர் ஆணியால் கீறினார், தரை சோக்கட்டி மாதிரிக் கோடு விழுந்தது. நடுவில் ஒரு துண்டை உடைத்து அளந்தால் இரண்டரை அங்குலம். கதவடியில், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் சரியாக நான்கு. கீழே மண் இறங்கி, விரல் நுழையும் இடைவெளி.

அந்த மாணவர் சொல்லித் தந்ததை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம். கொங்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. சீமெந்தும் தண்ணீரும் சேர்ந்து நடக்கும் இரசாயன மாற்றத்தால் இறுகுகிறது. 50 கிலோ பை ஒன்றுக்கு 25 முதல் 30 லீற்றர் தண்ணீர் போதும், மணலில் ஏற்கெனவே இருக்கும் ஈரமும் அதில் சேர்த்தி. அதற்கு மேல் ஊற்றும் தண்ணீர் பிறகு ஆவியாகிப் போய்விடும், போன இடமெல்லாம் நுண்ணிய ஓட்டைகளாக மிஞ்சும். தண்ணீர் கூடக் கூட உறுதி குறையும் என்பதை 1918 இலேயே அமெரிக்காவின் சிகாகோவில் டஃப் ஏப்ரம்ஸ் என்ற ஆய்வாளர் பரிசோதித்துக் காட்டிவிட்டார். நூறு வருடம் தாண்டியும் ஹோஸ் பைப் நமது வேலைத்தளங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. காரணம் எளிது. தண்ணீராக இருந்தால் கலவை தானாக ஓடிப் பரவும், கையாட்களுக்கு உழைப்பு குறைவு, ஒரு நாள் வேலை அரை நாளில் முடியும்.

மேலே மிதந்து வரும் தண்ணீரை மறைக்க உலர்ந்த சீமெந்தைத் தூவித் தேய்த்திருக்கிறார்கள். அந்த மினுக்கம் அதனால் வந்தது. பிறகு தூளாகக் கிளம்பியதும் அதேதான்.

நனைக்கும் வேலையும் நடக்கவில்லை. "இது குளிர் ஊர் சேர், நனைக்கத் தேவல்ல" என்றார். ஹந்தானையில் குளிர் இருக்கலாம், காற்றும் இருக்கிறதே. கண்ணாடி போடாத ஜன்னல் வழியாக அடிக்கும் மலைக்காற்று இரண்டு நாளில் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஈரம் போனால் இறுகுவது பாதியில் நிற்கும். நாங்கள் சாக்குகளை நனைத்துப் போட்டோம். ஆனால் கலவையிலேயே இல்லாத உறுதியைச் சாக்கு கொண்டுவந்து தராது.

கூப்பிட்டுக் காட்டினோம். "மேல ஒரு பூச்சுப் பூசினா எல்லாம் சரி வரும்" என்றார். கையெழுத்து வைத்த தாளைக் காட்டினோம். முகம் மாறியது. அதுவரை நாங்கள் கொடுத்திருந்தது 90,000. மிச்சம் 55,000 ஐக் கேட்டார். கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் மனதை அதிகம் வருத்தியது. இரண்டு மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். "நம்ம ஆள்தானே, விட்டுக்கொடுங்க", "சபூர் செய்ங்க", "டீச்சர்மார் இப்படிச் சண்டை பிடிக்கலாமா" என்றார்கள். சபூர் என்பது வந்த சோதனையைத் தாங்குவது. செய்த அநியாயத்தை ஒருவர் திருத்தாமலே போக வழிவிடுவதற்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாமா? எழுத்து கேட்டதே அவரை அவமதித்த மாதிரி என்றும் ஒருவர் சொன்னார். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம், சூரதுல் பகராவின் 282 ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது என்பதை ஞாபகப்படுத்தினோம். எழுதுவது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. அவர் 15 பை போட்டு, நாங்கள் மறுத்திருந்தால் அதே தாள் அவரைக் காப்பாற்றியிருக்கும்.

இன்னொன்றும் சொன்னோம். இது வெறும் தரை, உடைத்துத் திரும்பப் போடலாம். இதே கைதான் நாளைக்கு இன்னொரு வீட்டில் தூணும் ஸ்லாப்பும் போடும். 2020 செப்டெம்பர் 20 அன்று கண்டி பூவெலிகடயில் ஐந்து மாடிக் கட்டடம் சரிந்து, தாய், தந்தை, கைக்குழந்தை மூவரும் மவுத்தான செய்தியை நாம் மறந்துவிட முடியாது. மலைச்சரிவில் குடியிருக்கும் ஊர் இது. வேலையில் உள்ள குறையை "பரவாயில்லை" என்று பழக்கப்படுத்தினால் அந்தப் பழக்கம் தரையோடு நிற்காது.

பொலிஸுக்குப் போகவில்லை, மத்தியஸ்த சபைக்குப் போனோம். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த சபை. சட்டத்தரணி தேவையில்லை. எழுதிய தாள், பைகளின் படம், அளந்த படம், கொடுத்த சல்லிக்கான பற்றுச்சீட்டு ஆகியவற்றைக் கொண்டுபோனோம். இரண்டாவது அமர்வில் அவர் 60,000 ஐ மூன்று தவணையில் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டார். இரண்டு தவணை வந்துவிட்டது. மூன்றாவதும் வரும் என்று எதிர்பார்க்கிறோம். அவரோடு சலாம் சொல்லிக்கொள்கிறோம், அது நிற்கவில்லை.

தரையை உடைத்து அள்ளி, மண்ணை இடித்து, திரும்பப் போட்டுத் தந்தவர் வயதான சிங்கள பாஸ் ஒருவர். முதல் கேள்வியே "யார் ஏழு நாளும் தண்ணீர் ஊற்றுவது?" என்பதுதான். காலை ஏழு மணிக்குத் தொடங்கி, பத்து லீற்றர் வாளியால் தண்ணீரை அளந்து ஊற்றினார். முடிந்த பிறகு ஓரங்களில் மணலால் சிறு வரம்பு கட்டித் தண்ணீரை நிறுத்தினார். அவர் கேட்ட கூலி கூடத்தான். உம்மா நான்கு மாதம் சாலையில் கட்டில் போட்டுப் படுத்திருந்ததற்கு விலை போட்டால் அந்தக் கூலி மலிவு.

ஆள் பேசும் முன் இவற்றைக் கவனியுங்கள்:

1. சதுர அடிக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த விலையில் எத்தனை அங்குலம், எத்தனை பை என்றும் கேளுங்கள். தாளில் எழுதுங்கள்.

2. பைகளை உங்கள் கண் முன்னே வெட்டச் சொல்லுங்கள். வெற்றுப் பைகளை எண்ணுங்கள்.

3. போடுவதற்கு முன் சுவரைச் சுற்றிக் கனத்துக்குக் கோடு அடியுங்கள். நடுவிலும் சில இடங்களில் குச்சி நட்டு அளவு குறியுங்கள்.

4. மணலில் மண் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு போத்தலில் பாதி மணல் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, சில மணித்தியாலம் வையுங்கள். மேலே படியும் சேறு தடிப்பாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

5. கடைசித் தவணையைத் தரை போட்டு 28 நாள் கழிந்த பிறகு கொடுப்பதாகப் பேசுங்கள். கொங்கிரீட்டின் உறுதியை அளக்கும் வழக்கமான நாள் அது.

6. பிரச்சினை வந்தால் தள்ளிப் போடாதீர்கள். நுகர்வோர் விவகார அதிகார சபையின் இலக்கம் 1977. அங்கே எழுத்தில் முறையிட மூன்று மாதம்தான் அவகாசம்.

நல்ல பாஸ்மார் நமது ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். விலையை அடித்துக் குறைத்துக் கேட்கும்போது அவர்களுக்குத்தான் வேலை இல்லாமல் போகிறது. தண்ணீர் ஊற்றுகிறவர் எப்போதும் மலிவாகச் சொல்ல முடியும். அளந்து போடுகிறவருக்கு அவர் கேட்கும் கூலியைக் கொடுங்கள், எழுதிக் கொடுங்கள், வியர்வை உலரும் முன் கொடுங்கள்.

வீடு கட்டும் ஒருவருக்காவது இது போய்ச் சேரட்டும். அல்லாஹ் எல்லோருடைய வேலைகளிலும் பரக்கத் செய்வானாக.